தலைவர் முகம் கோணிய படங்களில் ஓரமாக நிற்பவர்

அனுப்புநர்:
மறைந்த மைக் ஆபரேட்டரின் மனைவி,
பொத்தான் பிரிவு, ஆயத்த ஆடைத் தொழிலகம்.
வீடு: தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மாடிப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
காவல் கண்காணிப்பாளர் அலுவலகம்.

பொருள்: தலைவர்களின் வேடிக்கைப் படங்கள் எனக் கைப்பற்றப்பட்ட பதினொரு ஆல்பங்களை அழிக்க உத்தரவிட்டது – அவற்றில் என் கணவர் இருப்பது – அவரைத் திருப்பித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை:
1. நிலையத்தில் எழுதிய கைப்பற்றுகைப் பட்டியல், 214 வரிகள்.
2. தங்கள் அலுவலகக் குறிப்பாணை, சென்ற வெள்ளிக்கிழமை என் கைக்குக் கிடைத்தது.
3. இதே பொருள் குறித்து நான் நேரில் கொடுத்த இரண்டு மனுக்கள். பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி தொழிலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்து வருகிறேன். என் கணவர் ஒலிபெருக்கி வாடகைக் கடை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் மைக் ஆபரேட்டராக இருந்தவர். இந்த நகரில் எந்தப் பொதுக்கூட்டமும் திறப்பு விழாவும் அவர் கை படாமல் நடந்ததில்லை என்று நான் சொன்னால் அது மனைவி சொல்லும் மிகை ஆகாது. தங்கள் துறையின் அணிவகுப்புக்கும் அவர்தான் மைக் கட்டினார். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் அவருக்குக் கிடையாது. யார் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் அவருக்கு வழங்கிய பெயர் ‘மைக் அண்ணன்’. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பாலத் திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து காலமானார். அது குறித்து யார் மீதும் எனக்குப் புகார் இல்லை. ஏணி வழுக்கியது.

2. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இருக்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தாங்களும் நம்பமாட்டீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன். எங்களுடையது பதிவுத் திருமணம். பதிவேட்டில் ஒட்டிய சிறு படத்தைக் கேட்டுப் போனேன். பழைய பதிவேடுகள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பக்கம் பிரியவில்லை என்று சொல்லி, ஒட்டிக்கொண்ட கட்டையே எடுத்துக் காட்டினார்கள். கடை அடையாள அட்டையில் முகம் இருந்த இடம் வியர்வையில் வெளுத்து, ஒரு காது மட்டும் மிச்சம். என் கைபேசியில் நான் எடுத்தவை இரண்டு. இரண்டிலும் அவர் முதுகு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, எனவே அவர் சாயலை வேறொரு முகத்தில் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், அம்மா ஜாடை.

3. அவர் படத்துக்கு நிற்க மாட்டார். வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். தொழில் என்று பிறகு புரிந்தது. மேடையில் தலைவர் வாயைத் திறப்பதற்குள் மைக்காரர் படத்தின் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டும். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கையை வீசி, “மைக், தள்ளிக்கோங்க, மைக்!” என்று கத்துவார்களாம். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படித் தள்ளித் தள்ளி நின்றவர், வீட்டில் யாராவது கைபேசியைத் தூக்கினாலே நகர்ந்துவிடுவார். “நான் படத்துல விழுந்துட்டா அன்னிக்கு என் வேலை சரியில்லைன்னு அர்த்தம்” என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள்தான் எதிரில் இருக்கிறாரே, படம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

4. அவர் போன எட்டாவது மாதம், பொத்தான் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது, அவருக்கு எந்தப் புருவத்தில் தழும்பு என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. வலதா, இடதா என்று யோசித்துக்கொண்டே ஒரு சட்டைக்கு ஏழு பொத்தானுக்குப் பதில் எட்டு தைத்தேன். மேற்பார்வையாளர் அம்மா கவனித்து, “என்ன, கனவா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முகம் கலைந்துகொண்டு போனது. முதலில் புருவம், பிறகு மூக்கு. குரல் இருக்கிறது. நடை இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. இதற்காக நான் அழவில்லை. அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். வரவில்லை ஐயா.

5. இந்த நிலையில் ஒரு நாள் தொழிலகத்தில் சாப்பாட்டு வேளையில் பழைய ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. அதில் தலைவர்களின் வேடிக்கைப் படங்களுக்கென்று ஒரு பக்கம். அமைச்சர் ஒருவர் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறார், கீழே ஏதோ கிண்டல். எங்கள் பிரிவே வயிறு வலிக்கச் சிரித்தது. என் கைக்கு வந்தபோது நானும் ஒப்புக்குப் பார்த்தேன். கொட்டாவி விடும் அமைச்சரின் முழங்கைக்கு அருகே, மைக் தண்டைப் பிடித்தபடி, முகத்தில் முக்கால் பாகம் தெரிய, என் கணவர் நின்றுகொண்டிருந்தார். தழும்பு இடது புருவத்தில்.

6. அந்தப் பக்கத்தை நான் கிழித்து வைத்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன், யோசித்ததில் ஒரு கணக்குப் பிடிபட்டது. மைக் ஒழுங்காக வேலை செய்தால் தலைவர் முகமும் ஒழுங்காக இருக்கும், அந்தப் படத்தில் என் கணவர் இருக்க மாட்டார். மைக் கீச்சிட்டால் தலைவர் முகம் கோணும், காதைப் பொத்துவார், திட்டுவார். அப்போது என் கணவர் ஓடிவருவார். பேச்சு தொடங்கும் முன் மைக் உயரத்தை அவர் சரிசெய்யும் நேரத்தில்தான் தலைவர்கள் கொட்டாவி விடுவதும், மூக்கைத் துடைப்பதும், செருப்பைத் தேடுவதும். ஆகவே தலைவர் கோமாளியாகத் தெரியும் படம் எதுவோ அதில் என் கணவர் இருக்க வாய்ப்பு உண்டு. தலைவர் கம்பீரமாகத் தெரியும் படத்தில் அவரைத் தேடுவது வீண். பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரும் இதையே சொன்னார். “நல்லா விழுந்த படம் எதுலயும் அவரு இருக்க மாட்டாரும்மா. நாங்க கழிச்சுக்கட்டின படமா பாருங்க.” அவரே ஒரு பெட்டி நிறையக் கழித்த படங்களைத் தூக்கிக் கொடுத்தார். அவரை என்றும் மறக்க மாட்டேன்.

7. அன்றுமுதல் தலைவர்களின் வேடிக்கைப் படங்களைச் சேர்ப்பது என் வேலையாயிற்று. பழைய பேப்பர் கடைகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். நகல் எடுக்கும் கடையில் இணையத்திலிருந்து அச்செடுத்துத் தரச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, “அம்மா, இன்னிக்கு யாரு கீழ விழுந்தாங்க?” என்பார். எனக்குப் பெயரே ‘கொட்டாவி அம்மா’ என்று ஆகிவிட்டது. எந்தக் கட்சி மீது கோபம் என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு கட்சி மீதும் இல்லை. தும்மலில் எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பூசி மெழுகாமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களைப் பார்த்து நான் ஒருபோதும் சிரித்ததில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு முறை சிரித்திருக்கிறேன். ஒன்று, மேயர் தம் நாற்காலி என்று நினைத்து எதிர்க்கட்சித் தலைவர் மடியில் உட்கார்ந்த படம். மற்றொன்றை எழுதினால் அவதூறாகிவிடும்.

8. ஆல்பங்கள் பதினொன்று. மொத்தப் படங்கள் இருநூற்றுப் பதினான்கு. அவற்றில் என் கணவர் இருப்பவை அறுபத்து மூன்று. மீதியை நான் வைத்திருந்ததற்குக் காரணம், ஓரத்தில் தெரியும் நிழலோ சட்டை நுனியோ அவருடையதாக இருக்கலாம் என்பதே. அறுபத்து மூன்றிலும் பெரும்பாலும் முழங்கை, தோள், பின்னங்கழுத்து. முழு முகம் தெரிவது நான்கு. கண்கள் நேராகப் பார்ப்பது ஒன்றே ஒன்று. பார்வை 1-ல் கண்ட பட்டியலில் அது 112-ஆம் எண். புகைப்படக்காரர் ‘தள்ளிக்கோங்க’ என்று கத்தியதும் திரும்பிப் பார்த்திருக்கிறார். முகத்தில் இருப்பது சிரிப்பென்று சொல்ல முடியாது. ‘இதோ போயிட்டேன்’ என்கிற அவசரம். வீட்டில் உப்பு வாங்கி வரச் சொன்னாலும் அதே முகம்தான்.

9. இனி, நடந்த தவறு. அவர் மறைந்து இரண்டாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நினைவு அறிவிப்பு அச்சடித்து, அவர் வேலை பார்த்த அரங்குகளின் வாசலிலும் கடைத்தெருவிலும் ஒட்டலாம் என்று என் கொழுந்தன் சொன்னான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவன். அவனுக்குக் கொஞ்சம் எழுத்து ஆசையும் உண்டு. ‘ஊரே கேட்ட குரல்களுக்குத் துணை நின்ற எங்கள் மைக் அண்ணன் மறைந்து இரண்டு ஆண்டுகள்’ என்று எழுதினான். இயற்பெயரைப் போடலாமே என்றேன். “அந்தப் பேரைப் போட்டா யாருக்குத் தெரியும் அண்ணி? மைக் அண்ணன்னாதான் தெரியும்” என்றான். அதுவும் சரிதான். 112-ஆம் படத்தைக் கொடுத்தனுப்பினேன். அச்சகத்தில் நகலெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தப் படத்தில், வளைந்து தொங்கிவிட்ட மைக்கைத் துரத்திக்கொண்டு, கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து, குனிந்தபடி இருப்பவர், தம் கட்சியினரால் ‘இடிக்குரல்’ என்று அழைக்கப்படும் தலைவர் ஆவார். அவருக்குப் பின்னால் ஓரமாக என் கணவர்.

10. அச்சகத்தாரிடம் யார் படத்தைப் போட வேண்டும் என்று என் கொழுந்தன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. “அண்ணன் படம் கையில இருக்கு, அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு நெனச்சேன் அண்ணி” என்று பிறகு சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் கண்ணுக்கு அந்தப் படத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அச்சகத்தார் கண்ணுக்கும் ஒருவர்தான் இருந்திருக்கிறார். முன்னோட்டத் தாளில் படத்துக்கு வெறும் கட்டம் போட்டு ‘படம் இங்கே’ என்று எழுதியிருந்தது. எழுத்துப் பிழை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அச்சகத்தாரைக் கேட்டால், “கண்ணை மூடி வாயைத் திறந்திருந்தா யாரு என்னன்னு தெரியுமாம்மா? பாவம், ஏதோ கடைசி நேரத்துல எடுத்த படம்னு நெனச்சிட்டேன்” என்கிறார். இருநூறு தாள்கள், அத்தனையிலும் உயிரோடு இருக்கும் தலைவர் கறுப்புக் கட்டத்துக்குள் வாயைத் திறந்தபடி காலமாகியிருந்தார். ஒட்டுவதற்கு ஆள் விட்டிருந்ததால் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நகரம்தான் முதலில் பார்த்தது.

11. அதன்பின் நடந்தவை தங்கள் கோப்பில் உள்ளன. தொண்டர்கள் கடைகளை அடைக்கச் சொன்னதும், தலைவர் வீட்டு வாசலில் மலர்வளையத்துடன் இருவர் போய் நின்றதும், தலைவரே வெளியே வந்து “யாருக்குப்பா இது?” என்று கேட்டதும் பத்திரிகையில் படித்துத்தான் எனக்குத் தெரியும். எங்கள் சந்துக்குள் நாற்பது பேர் வந்தார்கள். மாடிப்படி அகலம் இரண்டடி என்பதால் ஒவ்வொருவராகத்தான் மேலே வர முடிந்தது, அதனால் கத்தலும் ஒவ்வொன்றாகத்தான் இருந்தது. பிறகு கட்சியினர் கொடுத்த புகாரின் பேரில் காவல்துறை வந்து வீட்டைச் சோதித்து ஆல்பங்களைக் கண்டெடுத்தது. இத்தனை தலைவர்களின் இத்தனை கோணல் முகங்கள் ஒரே வீட்டில் இருந்தால் அதைச் சதி என்று நினைப்பது இயல்புதான். ஆய்வாளர் மரியாதையாகவே நடந்துகொண்டார். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பதினொரு ஆல்பங்களும் அன்று பிற்பகல் போயின.

12. அந்தத் தலைவர் பெருந்தன்மையானவர். ஒரே வாரத்தில் புகார் திரும்பப் பெறப்பட்டது. உள்நோக்கம் இல்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டார். அச்சகத்தார் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார், நானும் கொடுத்தேன். எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆல்பங்கள் மட்டும் வரவில்லை.

13. அவற்றைக் கேட்டு ஏழு முறை நிலையத்துக்குச் சென்றேன். சென்றபோதெல்லாம் நிலைய எழுத்தர் வேலை மும்முரத்தில் இருந்தார். மூன்றாம் முறை போனபோது எழுத்தர் அறையில் ஐந்தாறு காவலர்கள் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு, படத்தில் தலைவர் முகத்தைக் கட்டை விரலால் மறைத்து, “வாய மட்டும் பாத்து யாருன்னு சொல்லு பாப்போம்” என்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் ஓய்வு வேண்டும், நான் தடுக்கவில்லை. வாசலில் நின்றேன். கட்டை விரலுக்கு வெளியே என் கணவரின் தோள் தெரிந்தது. அவர்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. நான் நிற்பதைப் பார்த்ததும் ஆல்பத்தை மூடிவிட்டார்கள். கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

14. பட்டியலைத் தயாரித்த பெண் காவலர் மிகப் பொறுப்பானவர். ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஒவ்வொரு வரி எழுதியிருக்கிறார். ‘தலைவர் காது குடைதல் – 1.’ ‘அமைச்சர் நாற்காலியிலிருந்து சரிதல் – 1.’ ‘மேயர் ஈ விரட்டுதல் – 1.’ இருநூற்றுப் பதினான்கு வரிகளையும் மூன்று முறை படித்தேன். என் கணவர் ஒரு வரியிலும் இல்லை. அது அந்தப் பெண்ணின் குற்றமாகாது. பார்க்க வேண்டியவரைத்தான் பார்த்திருக்கிறார்.

15. பார்வை 2-ல் கண்ட தங்கள் குறிப்பாணையில், ‘தலைவர்களின் கண்ணியத்துக்குக் குறைவான உருவம் உள்ள படங்கள் அனைத்தும் வரும் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நிலையத்தின் பின்புற முற்றத்தில் எரித்து அழிக்கப்படும், ஏனைய படங்கள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்’ என்று உள்ளது. ஏனைய படங்கள் என்று எதுவும் இல்லை ஐயா. நான் மேலே சொன்ன கணக்கின்படி, தலைவரின் கண்ணியம் குறையாத படம் எதிலும் என் கணவர் இல்லை. எனவே எனக்கு ஒப்படைக்கப்படப் போவது பதினொரு வெற்று அட்டைகள்.

16. நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று எழுத்தர் கேட்டார். கேட்கும்போது எவ்வளவோ எளிதாக இருக்கிறது. வைத்திருக்கவில்லை. வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 112-க்கு அச்சகத்தார் எடுத்த நகலில் தலைவர் முகம் மட்டுமே இருக்கிறது. புகைப்படக்காரரிடம் மீண்டும் போனேன். அவர் கொடுத்தவை கழித்த படங்கள், அவற்றின் அசல் பதிவு அவரிடம் இல்லை. “இருந்தா குடுக்க மாட்டேனாம்மா?” என்று அவர் கண் கலங்கிவிட்டார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

17. தலைவர்களின் கண்ணியத்தைக் காப்பது தங்கள் கடமை. அதற்குக் குறுக்கே நிற்க எனக்கு எள்ளளவும் எண்ணமில்லை. தலைவர்கள் எனக்கு வேண்டாம். அவர்களைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். ஓரத்தில் இருப்பவரை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதும். அதற்கு வசதியாக அறுபத்து மூன்று படங்களிலும் அவர் எங்கே இருக்கிறார் என்ற விவரத்தைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். சிலவற்றை இங்கேயே குறிப்பிடுகிறேன்.

எண் 9, தலைவர் கொட்டாவி விடுதல். இடப்பக்க ஓரத்தில் முழங்கை. சட்டையில் தெரியும் ஒட்டுத் தையல் நான் போட்டது, அதை வைத்து அடையாளம் காணலாம்.

எண் 31, அமைச்சர் மூக்கைத் துடைத்தல். மேடைக்குக் கீழே உட்கார்ந்து கம்பி இணைக்கும் உச்சந்தலை. வழுக்கை தொடங்கிய வருடம்.

எண் 58, இரண்டு தலைவர்கள் ஒரே மாலையில் சிக்கிக்கொள்ளுதல். நடுவில் தெரியும் மூன்றாவது கை அவருடையது. அவிழ்க்கப் பார்க்கிறார்.

எண் 77, மேயர் தூங்குதல். பின்னால் தூணில் சாய்ந்து அவரும் தூங்குகிறார். முந்தைய நாள் காய்ச்சல், போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எண் 140, தலைவர் தம் காலணியைத் தேடுதல். காலணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர்.

எண் 163. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய நிதி அமைச்சர் படியில் தடுக்கி விழப் போகிறார், விழாமல் இருக்க என் கணவரின் தோளைப் பிடித்திருக்கிறார். அமைச்சரை வெட்டினால் தோளும் போய்விடும். அந்தக் கையை மட்டும் அப்படியே விட்டுத் தர வேண்டுகிறேன். வெறும் கையில் கண்ணியக் குறைவு எதுவும் தெரியாது. யாருடைய கை என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

எண் 112 பற்றி மேலே எழுதிவிட்டேன்.

18. வெட்டுவதற்குத் தங்கள் அலுவலகத்தில் ஆள் இல்லையென்றால் நானே கத்தரிக்கோலுடன் வருகிறேன். எனக்கு அது பழகிய வேலை. காவலர் ஒருவர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை செய்யலாம். தலைவரின் ஒரு மயிரிழைகூட என் பக்கத்துத் துண்டில் வராமல் வெட்டித் தருவேன். அறுபத்து மூன்றுக்கு ஒரு பகல் போதும். வெட்டும்போது சிரிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார்.

19. ஆகவே, (அ) பதினெட்டாம் தேதி அழிப்பை நிறுத்தி வைக்கவும், (ஆ) இணைப்பில் கண்ட அறுபத்து மூன்று படங்களிலிருந்து என் கணவரைப் பிரித்து என்னிடம் ஒப்படைக்கவும், (இ) அத்தனையும் இயலாது எனில் எண் 112 ஒன்றையாவது ஒப்படைக்கவும், (ஈ) அதுவும் இயலாது எனில் அழிக்கும் முன் அந்த ஒரு படத்தை நான் என் கைபேசியில் எடுத்துக்கொள்ள அனுமதிக்கவும் உத்தரவிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். கைபேசியில் தலைவர் பக்கத்தை என் விரலால் மறைத்துக்கொள்கிறேன்.

20. இவற்றில் எதுவுமே விதிகளில் இடமில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், கடைசியாக ஒன்று கேட்கிறேன். என் கணவர் ஏணியிலிருந்து விழுந்தது காலை பத்தே காலுக்கு. எனக்குச் செய்தி வந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. தொழிலகத்தில் இயந்திரச் சத்தத்தில் கைபேசி கேட்காது, வாயிற்காவலர் மாடிக்கு வந்து சொல்ல அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் நான் நூற்று நாற்பது சட்டைகள் முடித்திருக்கிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள், பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பார்க்கவில்லை. தங்கள் குறிப்பாணையில் நாள், கிழமை, மணி, இடம் நான்கும் தெளிவாக இருக்கின்றன. இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்ததற்கு மெய்யாகவே நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். பதினெட்டாம் தேதிக்குத் தொழிலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்து மணிக்கே முற்றத்துக்கு வந்துவிடுவேன். சத்தம் போட மாட்டேன், யாரையும் தடுக்க மாட்டேன். இந்த முறை அவர் போகும்போது நான் பக்கத்தில் நிற்க அனுமதி அளிக்க வேண்டும்.

தங்கள் மறுமொழியை எதிர்பார்த்து,

இடம்: தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து
நாள்: பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மைக் அண்ணனின் மனைவி

இணைப்பு: என் கணவர் இருக்கும் இடங்களின் விவரம், 63 வரிகள், என் கையெழுத்தில்.